ஒரே பானையில் இரண்டு அரிசி

போன வெள்ளிக்கிழமை மகள் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசி வாங்கி வந்தாள். பையின் மேல் ‘சிவப்புப் புழுங்கல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இருந்தும் அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நான் பையின் ஓரத்தைக் கிழித்து, மூன்று மணியை எடுத்து, ஒவ்வொன்றாகப் பல்லில் வைத்துக் கடித்தேன். புழுங்கல் அரிசி பல்லுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், லேசில் உடையாது. பச்சையரிசி ‘டக்’கென்று உடைந்து நாக்கில் மாவாகும். மூன்றும் கண்ணாடிதான். ஆனாலும் நான்காவதை எடுத்தேன். அதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

“எலி கொறிக்கிதாக்கும் எண்டு நினைச்சன். பையில எழுதித்தானே இரிக்கி உம்மா.”

“எழுதினவன் கடிச்சிப் பாத்தானா?” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு சுண்டு அரிசியை அளந்து கழுவினாள். முதல் தண்ணீரை ஊற்றும்போது அந்த மணம் வந்தது. ஈரச் சாக்கின் மணம். இந்தக் காலத்து அரிசியில் அது இருந்தும் இல்லாத மாதிரித்தான் வரும், மற்றவர்கள் மூக்குக்குத் தெரியாது. எனக்கு அது வந்தால் இன்னொரு மணியைக் கடித்துப் பார்க்கவேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. காரணம் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கலாம், நான்தான் இன்னும் சிரித்ததில்லை.

எங்கள் வீடு கல்முனையில், கடற்கரைப் பக்கம். வாப்பாவுக்குச் சவளக்கடையில் வயல். அப்போது சாப்பாட்டுக்கான நெல்லை வீட்டிலேயேதான் அவிப்போம். கிடாரம் என்ற பெரிய அண்டாவில் நெல்லைக் கொட்டி ஊறவிட்டால் இரண்டாம் நாள் அந்த ஈரச் சாக்கு மணம் வீட்டைச் சுற்றி வளவெல்லாம் நிற்கும். பிறகு தென்னம்மட்டை எரித்து அவிக்கவேண்டும். ஆவி மேலே வந்து, நெல் மெல்ல வாய் பிளக்கும்போது இறக்கிவிடவேண்டும். கொஞ்சம் முந்தினால் குத்தும்போது நொறுங்கும், கொஞ்சம் பிந்தினால் உமிக்குள்ளேயே சோறாகிவிடும். அதன்பின் பாய் விரித்துக் காயப்போடுவது. அவித்துக் காய்ந்த நெல்லும் அவிக்காத நெல்லும் பார்வைக்கு அக்கா தங்கச்சி மாதிரி. அவித்தது ஒரு பொட்டு நிறம் கூட, அவ்வளவுதான். தெரிந்த கண்ணுக்குத்தான் தெரியும்.

நான் சொல்லவந்த வருஷம், சூறாவளிக்கு அடுத்த வருஷம். நான் எட்டாம் வகுப்போடு பெரிய பிள்ளையாகி வீட்டில் இருந்தேன். ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, முதல் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உம்மா முழுநேரமும் ராத்தாவின் அறைக்குள்ளே. ஆகவே அடுப்படி என் தலையில் விழுந்தது. கறியை உம்மா ஓடிவந்து பார்த்துக்கொள்வா. சோறு என் பொறுப்பு. ஒரு சோறென்றால் பரவாயில்லை, மூன்று சோறு.

வாப்பாவுக்குச் சிவப்புப் புழுங்கல், பருக்கை பருக்கையாக, கஞ்சி வடித்து. ராத்தாவுக்குப் பழைய புழுங்கல் அரிசி, குழைய ஆக்கவேண்டும், பிள்ளைப்பெத்த வயிற்றுக்குப் புது அரிசி ஆகாது. மூன்றாவது சோறு மச்சானுக்கு, ராத்தாவின் மாப்பிள்ளைக்கு. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவருக்கு வெள்ளைச் சம்பா. அது வீட்டார் சாப்பிடுகிற சோறல்ல, வந்தவர்களுக்கு வைக்கிற சோறு. சம்பாவுக்குத் தண்ணி ஒரு விரல் கூடினால் கதை முடிந்தது. நான் முதல்முதல் ஆக்கிய சம்பாவில் கடிதாசி ஒட்டலாம், ஒட்டியும் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது. மச்சான் அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். உம்மாவிடம் மட்டும், “மாமி, இண்டைக்குப் பல்லுக்கு வேலை இல்ல” என்றாராம்.

மச்சான் மருதமுனைக்காரர். அவர்களுடைய வீட்டில் எல்லோரும் தறி நெய்கிறவர்கள். நூலைத் தொட்டே எத்தனையாம் நம்பர் என்று சொல்லுவார், நெல்லைக் கண்டால் நெல் என்று மட்டும்தான் சொல்லுவார். வாப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். “மருமகன், தறிக்குப் பாவு ஓடுற மாதிரி வரம்புல ஓடாதீங்க, விழுந்திருவீங்க.” மச்சானும் சிரிப்பார். கலியாணமாகி ஒரு வருஷமாகச் சம்பாவே சாப்பிட்டவர், ஒருநாள் உம்மாவிடம், “எனக்கும் மாமா தின்னுற சோத்தையே போடுங்க மாமி, தனியா தின்னக் கூச்சமா இரிக்கி” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கிருந்து வாப்பாவும் மச்சானும் ஒரே சகனில். சகன் என்றால் சேர்ந்திருந்து சாப்பிடும் பெரிய தட்டு. நடுவில் ஆணத்தை, அதாவது குழம்பை, ஊற்றி, வாப்பா தன் பக்கத்து மீன்துண்டை மச்சான் பக்கம் தள்ளிவிடுவார். எனக்கும் ஒரு பானை குறைந்தது. அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான் என்று அப்போது தெரியாது.

இதெல்லாம் ஒரே வீட்டுக்குள் நடந்தும், நான் மச்சானோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. வெட்கம். அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். தண்ணி கேட்டால் வைத்துவிட்டு ஓடுவேன். ராத்தா பகிடி பண்ணுவா, “அவர் என்ன புலியாகா? உன்னப் புடிச்சித் தின்னவா போறார்?”

அந்த வருஷம் விதைநெல் கிடைப்பது பெரும் பாடாக இருந்தது. சூறாவளியோடு பலருடைய நெல்லும் நனைந்து முளைத்துப் போனது. வாப்பா சாகாமத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு மூன்று தரம் போய் வந்து, நல்ல விதைநெல்லாக இரண்டு மூடை கொண்டுவந்தார். அதை வீட்டுக்குள் பலகைமேல் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு தரம் பார்ப்பார். நான் பக்கத்தால் போனால்கூட, “ஈரக் கையோட போகாத மகள்” என்பார்.

விதைக்கிறதுக்கு முதல் ஒரு வெயில் காட்டவேண்டும். ஒரு காலை வாப்பா விதைநெல்லை விரித்து, வெயில் ஏறியதும் அள்ளி, திரும்ப இரண்டு மூடையிலும் போட்டு விறாந்தையில் நிறுத்தினார். வாயைத் தைக்கவில்லை. டிரக்டர்காரரைப் பார்க்கப் போய்விட்டார். அதே நாள்தான் நான் அவித்த நெல்லும் காய்ந்துகொண்டிருந்தது. வளவில் மூன்று பாய். இரண்டையும் ஒரே நாளில் வைத்தது யார் பிழை என்று இப்போது யோசித்து என்ன.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு காற்று மாறியது.

மற்றவர்களுக்கு அது மாரிக்காலத்துக் காற்று, வரும், ஒரு மழையைக் கொட்டிவிட்டுப் போகும். எனக்கு அப்படியில்லை. முந்திய வருஷம் எங்கள் வீட்டு ஓடுகள் காகிதம் மாதிரிப் பறந்ததை நான் கட்டிலுக்குக் கீழே இருந்து பார்த்தவள். விடிந்தபோது வளவில் ஒரு தென்னைதான் நின்றது. அதற்குப் பிறகு தென்னோலைக் கிடுகு வேலி சரசரத்தாலே நான் கட்டிலைத் தேடத் தொடங்கிவிடுவேன். அன்றைக்கும் வேலி சரசரத்தது. கடல் பக்கம் கறுத்தது. உம்மா உள்ளே ராத்தாவுக்கு வெந்நீர் வார்த்துக்கொண்டிருந்தா, “நெல்ல அள்ளுகா, கெதியா” என்று சத்தம் வந்தது.

அள்ளினேன். முதல் பாயை வீட்டுச் சாக்கில் கொட்டியது நினைவிருக்கிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் எங்கே கொட்டினேன் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டது வாய் திறந்த ஒரு சாக்கு. கொட்டினேன். பாயைச் சுருட்டினேன். உள்ளே ஓடிக் கட்டிலில் ஏறிக் காதைப் பொத்திக்கொண்டேன்.

மழை அரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. கதவால் எட்டிப் பார்த்தேன். விறாந்தையில் மச்சான் நின்றார். விதைநெல் மூடை இரண்டில் ஒன்று வாய்முட்ட இருந்தது, மற்றது குறைவாக இருந்தது. மாமனாருக்கு உதவியாக இருக்கட்டுமென்று அவர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, நிறைந்ததிலிருந்து குறைந்ததில் கொட்டி, அதைக் குலுக்கி, திரும்ப இதில் கொட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் இரண்டு மூடையும் சமமாக இருந்தன.

“மச்சான், கொட்டாதீங்க” என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டு சொல். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் இன்னொரு தரம் குலுக்கினார். வாய்க்குள் அந்த இரண்டு சொல்லும் ஊறிக்கொண்டே இருந்தன. அவர் சாக்கூசி எடுத்து, நெசவுக்காரர் கையல்லவா, அழகாக, ஒரே அளவுத் தையலாக இரண்டு மூடையையும் தைத்து முடித்தார்.

வாப்பா வந்து பார்த்து, “மாஷா அல்லாஹ், சாக்கா சட்டையா மருமகன்?” என்றார்.

அதற்கடுத்த மூன்று நாளும் நான் எப்படி ஆக்கினேன் என்று கேட்காதீர்கள். ஒருநாள் அடிப்பிடித்தது, ஒருநாள் உப்பு இரண்டு தரம் விழுந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஓர் ஈர்க்கைச் சாக்கின் இழைக்குள் விட்டு நெல்லை எடுப்பேன். நகத்தால் உரித்துக் கடிப்பேன். டக். மாவு. அல்ஹம்துலில்லாஹ். அடுத்தது, டக். அடுத்தது கண்ணாடி. பத்து எடுத்தால் மூன்று கண்ணாடி, சிலவேளை நான்கு. இன்னொரு பத்து எடுத்தால் குறையுமோ என்று இன்னொரு பத்து. அவித்த நெல் செத்த நெல், எந்த மண்ணில் போட்டாலும் முளைக்காது. இதைச் சொல்லித்தர ஆள் தேவையில்லை, எங்கள் ஊர்க் கோழிக்கும் தெரியும். உம்மாவிடம் சொல்ல அறைவாசல்வரை போவேன். உள்ளே பிள்ளை அழும், திரும்பிவிடுவேன். வாப்பாவிடம் சொல்ல, அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வயலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார். நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்த நாளில் மூடை இரண்டும் வண்டியேறிப் போய்விட்டன.

வாப்பா முதலில் ஒரு மூடையைத்தான் வாய்க்காலில் ஊறப்போட்டிருந்தார். முளைகட்ட வைத்து, திறந்து பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்தார். சால்வைத் தலைப்பில் ஒரு பிடி நெல் முடிந்திருந்தது. விறாந்தையில் உட்கார்ந்து அதை அவிழ்த்தார். சிலதில் ஊசிமுனை மாதிரி வெள்ளை முளை, சிலது சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததில் ஒன்றை உரித்து வாயில் வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கடிக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

“அவிச்ச நெல்லு” என்றார்.

உம்மா வெளியே வந்தா. மச்சானும் எழுந்து வந்தார். எல்லோருக்கும் அந்த அழகான தையல்தான் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

“நான்தான் மாமா மூடய மாத்திக் கொட்டினன்” என்றார் மச்சான். “பக்கத்துல அவிச்சதும் கிடந்ததோ தெரியா. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. தான்தான் செய்தோம் என்று உண்மையாகவே நம்பினார். வாப்பா ஏசவில்லை. மருமகனை முகத்துக்கு நேரே ஏசும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. “நசீபு, அல்லாஹ்ட விதி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். சாப்பாட்டு நேரம் உம்மாவைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்:

“மருமகனுக்குச் சம்பா ஆக்கச் சொல்லுங்க. அவருக்கு நம்மட சோறு பழக்கமில்ல.”

ஏச்சென்றால் ஒரு நாளோடு போயிருக்கும். இது ஒவ்வொரு வேளையும் தட்டில் வந்தது. மச்சானுக்கு நல்ல பீங்கான், வெள்ளைச் சம்பா, பெரிய மீன்துண்டு. வாப்பாவுக்கு வேறு தட்டு, வேறு பாய். வெளியார் பார்த்தால் மாப்பிள்ளைக்கு என்ன கவனிப்பு என்பார்கள். மச்சான் அதைத் தின்றார், தலையைக் குனிந்துகொண்டு, விருந்துக்கு வந்த வீட்டில் தின்பதுபோல.

ஊறிய மூடையை வாப்பா இரண்டு மடங்கு அடர்த்தியாகப் பாதி வயலில் வீசினார். மற்றப் பாதி அந்தப் போகம் புல்லாகக் கிடந்தது. இரண்டாவது மூடை திரும்பி வீட்டுக்கு வந்தது, குத்திச் சாப்பிட. அந்த அரிசியை ஆக்கியது நான். பச்சையும் புழுங்கலும் ஒரே பானையில் வேகாது. பச்சை வெந்துவிட்டது என்று இறக்கினால் புழுங்கல் பல்லில் கடிபடும். புழுங்கல் வேகட்டும் என்று விட்டால் பச்சை கரைந்து களியாகும். களிக்குள் கல்லுக் கல்லாகச் சோறு. நான் தண்ணி கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், முதலில் ஊறவைத்தும் பார்த்தேன். எப்படி ஆக்கினாலும் என் பிழை தட்டில் தெரிந்தது. உம்மாதான், “கஞ்சியாக் காய்ச்சினா ஒண்டும் தெரியாகா” என்றா. காய்ச்சினேன். உண்மைதான், கஞ்சியில் ஒன்றும் தெரியவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. இப்படியே கரைந்துபோகும், யாருக்கும் தெரியாமலே போகும் என்று ஒரு பக்கம் மனம் ஆசைப்பட்டது.

போயிருக்கும். ஆனால் ராத்தாவுக்குப் பிள்ளைப்பெத்த நாற்பது நாள் முடியப் பத்து நாள் இருக்கும்போது மச்சான் ஒரு பையில் இரண்டு சாறனையும் சவரப்பெட்டியையும் வைத்தார். “உம்மாவப் பாத்துட்டு வாறன்” என்றார். மருதமுனை என்ன தூரம், சைக்கிளில் போய் உடனே திரும்பலாம். தாயைப் பார்க்கப் போகிறவருக்குச் சவரப்பெட்டி எதற்கு? ராத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தா. அன்று நான் கொண்டுபோன சோற்றில் கை வைக்கவில்லை.

“எப்ப வருவாராம்?” என்று கேட்டேன்.

“அவருக்கு இஞ்ச விருந்துச் சோறு தின்னு அலுத்துப் போச்சாம்” என்றா. பிறகு, “வாப்பா ஒரு வார்த்த ஏசியிருந்தா அவர் இருந்திருப்பார்” என்றா.

மச்சான் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட இருந்தார், நான் அடுப்படிக்கு வந்து சம்பா பானையை எடுத்தேன். கை ஓடவில்லை. திரும்ப வைத்துவிட்டேன். கலப்பு அரிசியை இருந்ததிலேயே பெரிய பானையில் போட்டேன், எல்லோருக்கும் சேர்த்து. கஞ்சியாகவும் காய்ச்சவில்லை. வெந்தது வேகாததென்று எல்லாம் தெரியும்படி சோறாகவே வடித்தேன். மேலே ஏற்றி வைத்திருந்த சகனைக் கழுவி, அதில் கொட்டி, உம்மாவிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். வாப்பாவுக்கும் மச்சானுக்கும் நடுவில் வைத்தேன்.

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். “மருமகன்ட சம்பா எங்க?”

“சம்பா ஆக்கல்ல. மூடைல அள்ளிப் போட்டது நான், வாப்பா. மச்சான் இல்ல. காத்துக்குப் பயந்து… பாயில கிடந்தத… மச்சான் மாத்திக் கொட்டக்குள்ள கண்டுக்கிட்டுத்தான் நிண்டன். சொல்லல்ல.”

இவ்வளவையும் சகனைப் பார்த்தே சொன்னேன். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

முதலில் வாய் திறந்தது மச்சான். “அப்ப நான் மாத்திக் கொட்டினது ரெண்டும் விதநெல்லு மூடதானா?” என்றார். “நான் பயந்துட்டன், ஒரு மூடயக் கூடப் பாத்து மாத்தத் தெரியாத மனிசனோ எண்டு.” சிரித்தாரா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாப்பா என்னிடம், “இத்தின நாளும் ஏன் மகள் சொல்லல்ல?” என்றார். வெட்கம் என்று சொன்னால் யார் நம்புவார்? அவர் சகனைப் பாய்க்கு நடுவே இழுத்தார். ஆணத்தை ஊற்றி, ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தார். கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“கல்லும் களியும்” என்றார். “பிசைங்க மருமகன். இது நம்மட சோறு.”

மீன்துண்டு அந்தப் பக்கம் தள்ளப்படும்வரை நான் நின்று பார்த்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டேன். பை மருதமுனைக்குப் போகவில்லை. அந்த மூடை முடிய மூன்று மாதமாகியது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

என்னை ஏசியிருந்தால் எனக்கும் ஒரு நாளோடு போயிருக்கும். வாப்பா என்னையும் ஏசவில்லை. அடுத்த போகத்தில் விதைநெல் வந்ததும் மூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். “கடிச்சிப் பாரு மகள்.” கடித்துப் பார்த்தேன். “பச்சதான் வாப்பா.” அதன் பிறகுதான் மூடையைத் தைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு போகமும் அப்படித்தான். நான் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பின்னும், சண்டை வந்து றோட்டெல்லாம் சோதனைச் சாவடியாகி வயலுக்குப் போவதே பயமான வருஷங்களிலும், விதைக்கும் காலம் வந்தால் அந்தக் கை நீளும். என்னை நம்பி நீட்டினாரா, மறந்துவிடாதே என்று நீட்டினாரா? கேட்க நினைத்துக் கேட்கவில்லை. இரண்டு சொல்லைச் சொல்ல முடியாதவள் இதையா கேட்பேன்.

இப்போது வீட்டில் நெல் அவிப்பதில்லை. கிடாரத்தை மச்சானின் மகன் வாங்கிப்போனான். மச்சானும் ராத்தாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்கள். மகளின் வீட்டில் ஆளுக்கொரு தட்டு. யாருக்கு எந்த அரிசி என்று யாரும் யோசிப்பதில்லை, நான் மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

வாப்பாவின் கடைசிக் காலத்தில் விதைநெல் மெஷினில் தைத்து, சீட்டுக் கட்டிய பையில் வரத் தொடங்கியது. முதல் தரம் வந்தபோது அவர் நூலை வெட்டி, வழக்கம்போல ஒரு பிடி எடுத்தார். நீட்டினார். நான் ஒரு மணியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

“வேணாம் மகள்” என்றார். “மருந்து கிருந்து போட்டிருப்பானுகள். வாயில வைக்காத.”

உள்ளங்கையை மூடிக்கொண்டு, அந்த ஒரு பிடியைத் திரும்பப் பைக்குள் போட்டார். என் விரலில் இருந்த ஒரு மணியை என்ன செய்வதென்று தெரியாமல் நான் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.